படிவத்துக்கு ஏற்ற தேவையா, தேவைக்கு ஏற்ற படிவமா?

(கொழும்புத்துறையில் தோட்டப் பிரதிநிதிகளுக்காக நடந்த இரண்டு நாள் பயிற்சியில், ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



அட்டனில் பஸ் ஏறி விடிய விடிய வந்திருக்கிறோம். கடல்நீரேரிக் காற்று வேறு கண்ணைச் சொக்க வைக்கிறது. அதனால் நேராக விசயத்துக்கே வருகிறேன். கடந்த ஒரு வருடமாக எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "டீச்சர், வெளிநாட்டுக் காசு வருகிறதாமே, எங்கள் தோட்டத்துக்கு எப்படி எடுப்பது?" கேட்பதில் தவறில்லை. ஆனால் பதில் சொல்லும் முன்னால் நான் திருப்பி ஒன்று கேட்பேன். "எதற்குக் காசு?" அங்கேதான் பாதிப் பேர் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

நாங்கள் தொழிற்சங்கத்துக்காரர்கள். நன்கொடை என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் சில மூத்த தோழர்களுக்கு முகம் சுருங்கும். அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. கம்பனி செய்ய வேண்டியதை, அரசாங்கம் செய்ய வேண்டியதை, யாரோ ஒரு வெள்ளைக்காரரிடம் கையேந்தி வாங்கிவிட்டால், அடுத்த முறை துரை என்ன சொல்வார்? "அதுதான் அவர்கள் கட்டித் தருகிறார்களே" என்பார். ஆகவே எது உரிமை, எது நன்கொடை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் யாரும் படிவத்தைத் தொட வேண்டாம்.

ஒரு உதாரணம். லயத்துக்குப் போகிற பாதை உடைந்து கிடக்கிறது. இதற்கு யாரிடம் போவது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் இத்தனை வருடமாக "தோட்டத்துக்குள் எங்களால் செலவழிக்க முடியாது" என்று சபைகள் கையை விரித்தன. நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த உறுப்பினரே எங்கள் பாதைக்கு ஒரு டிரக்டர் கல் போட முடியாமல் இருந்தார். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. இன்றைக்குப் பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்யலாம். அதே வருடம் மலையகப் புதிய கிராமங்களுக்கென்று ஓர் அதிகார சபையும் சட்டத்தால் உண்டாக்கப்பட்டது. இது தெரியாமல் பாதைக்குக் கொங்கிரீட் போட ஒரு தூதரகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தால், எங்களுக்குச் சேர வேண்டிய வரிப்பணத்தை நாங்களே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

பிள்ளைக் காம்பரா, மலசலகூடம், வீடு எல்லாம் இதே வகைதான். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், நாங்கள் ட்ரஸ்ட் என்கிறோமே, அது 1992இல் வந்தது. அதில் அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் மூன்று பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அங்கே பேசுவதற்கு நமக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. நியாய வணிக முத்திரையோடு தேயிலை விற்கிற தோட்டங்களில் ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று தொழிலாளருக்குத் தனியாக ஒரு மேலதிகப் பணம் வருகிறது. அதை எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானிப்பது தொழிலாளர் தெரிவு செய்த குழு. உங்கள் தோட்டத்தில் அந்தக் குழு இருந்தால் அது கடைசியாக எப்போது கூடியது, யார் யார் அதில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அது யாருடைய தயவும் இல்லை, நீங்கள் கிள்ளிய கொழுந்தில் இருந்து வந்த காசு.

இந்த இடங்களில் எழுத்தில் கேளுங்கள். தர முடியாது என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு நன்கொடைக்கு எழுதும்போது அந்தக் கடிதம் உதவும். "இவர்கள் உரிய இடத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்" என்று வாசிப்பவருக்குத் தெரியும். துரைக்கும் தெரியும்.

நன்கொடை விசயத்தில் இந்த யாழ்ப்பாணத்துக்கு இருநூறு வருடப் பழக்கம் இருக்கிறது. இங்கே வந்து நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினார்கள். பணம் அமெரிக்காவில் இருந்து வந்தது. அங்கே ஒரு குடும்பமோ ஒரு சபையோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்ளும், அந்தப் பிள்ளைக்கு அவர்கள் விரும்பிய பெயரை வைக்கலாம். இப்படி எங்கோ இருக்கிற நன்கொடையாளரின் பெயரைச் சுமந்துகொண்டு இந்த ஊர்ப் பிள்ளைகள் படித்தார்கள். படிப்பு நல்ல படிப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் 1855இல் என்ன நடந்தது? அமெரிக்காவில் இருந்து சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் வந்து பார்த்தார். ஆங்கிலப் படிப்பு உத்தியோகத்துக்குப் போகிறவர்களைத்தான் உண்டாக்குகிறது, நாங்கள் காசு கொடுத்தது அதற்கல்ல என்று அவர்கள் நினைத்தார்கள். செமினரி மூடப்பட்டது. பெற்றோருக்கு வேண்டியது ஒன்று, பணம் கொடுத்தவருக்கு வேண்டியது இன்னொன்று. பணம் கொடுத்தவர் கொள்கையை மாற்றியதும் கதவு சாத்தப்பட்டது. அதே இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது, அதைக் கேட்டு முன்னுக்கு நின்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

அதே காலத்தில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இல் பாடசாலை தொடங்கினார். பணக்காரரிடமும் வாங்கினார், வீடு வீடாகப் பிடியரிசியும் சேர்த்தார். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பது. நாவலருடைய எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடில்லை, சாதி விசயத்தில் எங்கள் ஆட்களுக்கு உடன்பாடு இருக்கவும் முடியாது. ஆனால் பிடியரிசிக் கணக்கை நான் மதிக்கிறேன். ஒரு பிடி அரிசி போட்ட அம்மா, பாடசாலையில் என்ன நடக்கிறது என்று கேட்பாள். எங்கள் மரண சகாய சங்கமும் கோயில் கமிட்டியும் இந்த வழியில்தான் ஓடுகின்றன. சம்பளத்தன்று சந்தா சேர்க்கிற கொப்பி ஒன்று உங்களிடம் இருக்கிறதே, நன்கொடை தருகிறவர் பார்க்க விரும்புவதும் முதலில் அதைத்தான். பல இடங்களில் இரண்டு வருடக் கணக்குக் கேட்பார்கள். காசு கேட்கப் போவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே கொப்பி எழுதத் தொடங்கியிருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம்.

இனி, யார் விண்ணப்பிப்பது? தொழிற்சங்கமா? பெரும்பாலும் சரிவராது. தொழிற்சங்கம் 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தில் பதிந்தது. அதன் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று அந்தச் சட்டமே வரையறுத்திருக்கிறது. அதோடு, அரசியல் தொடர்புள்ள அமைப்புக்குக் கொடுப்பதில்லை என்று பல நன்கொடையாளர்கள் விதி வைத்திருக்கிறார்கள். தோட்டத்திலேயே ஒரு மாதர் சங்கம், ஒரு நூலகச் சங்கம், ஓர் அபிவிருத்திச் சங்கம் தனியாக இருக்க வேண்டும். சங்கத் தலைவரே அதற்கும் தலைவர், அவர் மனைவி பொருளாளர், மச்சான் செயலாளர் என்று இருக்கக் கூடாது. சிரிக்கிறீர்கள், ஆனால் நான் பார்த்த யாப்புகளில் பாதி இப்படித்தான்.

சிறிய சங்கம் என்றால் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் பதியலாம். பெரிதாக, பல தோட்டங்களைச் சேர்த்து, வெளிநாட்டுப் பணமும் எடுத்து வேலை செய்வதென்றால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தில் பதிவு வேண்டும். 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தில் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாகப் பதிகிறவர்களும் உண்டு, ஆனால் அதற்கு ஒவ்வொரு வருடமும் கணக்காய்வுச் செலவு இருக்கிறது, தோட்டச் சங்கத்துக்கு அது பாரம். பதிவை அலட்சியமாக எண்ணாதீர்கள். வெளிநாட்டுப் பணம் வருகிற இடத்தில் அரசாங்கத்தின் கண் எப்போதும் இருக்கிறது. 1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்த எங்கள் மலையகக் குடும்பங்களைக் காணியில் குடியேற்றியவர்கள் காந்தியம் அமைப்பினர். கட்டடக் கலைஞர் டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள், வெளிநாட்டு உதவியும் கிடைத்தது. 1983 ஏப்ரலில் இருவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். இந்த மண்ணில் எங்கள் ஆட்களுக்காக நின்றவர்கள் அவர்கள், அதனால் பெயரைச் சொல்கிறேன். அவ்வளவு கொடுமையான காலம் இப்போது இல்லை என்றாலும், பதிவுச் சான்றிதழும் கூட்ட அறிக்கையும் வங்கிக் கணக்கும் ஒழுங்காக இருந்தால் யாராவது வந்து கேட்கும்போது நடுங்க வேண்டியதில்லை.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில். இரண்டு பேர் கையெழுத்து. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசத் தேவையில்லை.

காணியைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கொழும்புத்துறையில் ஒரு சங்கம் ஒரு மண்டபம் கட்டக் காசு கேட்டால், காணி உறுதியின் பிரதி ஒன்றை இணைத்து அனுப்பிவிடும். நாங்கள்? படிவத்தில் "காணி யாருடையது" என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. காணி அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது, குடியிருப்பது நாங்கள். இந்திய வீட்டுத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கு கிழக்கில் 46,000 வீடு, மலையகத்தில் 4,000 வீடு என்று அறிவித்தார்கள். வடக்கில் 2012 ஒக்டோபரில் வேலை பெரிதாகத் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய், கட்டக் கட்டத் தவணையாக வங்கிக்கு வரும், வீட்டுக்காரரே நின்று கட்டினார்கள். மலையகத்தில் அதே திட்டம் பல வருடம் பிந்தியது. முதலில் காணியை விடுவிக்க வேண்டியிருந்தது. பணம் ஒதுக்கியாகிவிட்டது, கட்டுகிற கையும் இருக்கிறது, ஏழு பேர்ச் காணி இல்லை. இதைவிடத் தெளிவாக எங்கள் நிலைமையை எந்த அறிக்கையும் சொல்லாது.

ஆகவே கட்டடம் கட்டுகிற விண்ணப்பம் என்றால், படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த இடம், எத்தனை பேர்ச், எத்தனை வருடத்துக்கு, கட்டிய பிறகு யார் பொறுப்பு என்று அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். "ஆட்சேபனை இல்லை" என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதாது. துரை மாறினால் கதையும் மாறும். கடிதம் எளிதில் கிடைக்காது, இழுத்தடிப்பார்கள். அங்கேதான் சங்கத்தின் பலம் தேவைப்படுகிறது. அதுவரை கட்டடம் தேவைப்படாத வேலையில் தொடங்கலாம்: மாலை வகுப்பு, நடமாடும் நூலகம், தையல் பயிற்சி. முகவரிக்கும் இதே கதைதான். லயத்து முகவரிக்கு வருகிற கடிதம் எத்தனை நாள் ஆபீசில் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாடசாலை முகவரியையோ, உபதபாலகத்தில் ஒரு தபால் பெட்டியையோ கொடுங்கள். பதில் அனுப்ப ஒரு வாரம்தான் தருவார்கள்.

எங்கே கேட்பது? எல்லாவற்றையும் பட்டியல் போட்டால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். எங்களைப் போன்ற சிறு சங்கங்கள் கிட்டப் போகக்கூடிய சிலதை மட்டும் சொல்கிறேன். ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மக்களுக்கான நன்கொடைத் திட்டம் இருக்கிறது.  கட்டடம், உபகரணம் போன்றவற்றுக்குக் கொடுப்பார்கள், சம்பளத்துக்கும் நாளாந்தச் செலவுக்கும் கொடுக்கமாட்டார்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றிய உள்ளூர் அமைப்புகள் இந்தத் திட்டத்தில் உதவி பெற்றிருக்கின்றன. அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தில் நேரடி உதவித் திட்டம் என்று ஒன்று, கனடாவில் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியம் என்று ஒன்று. சுற்றாடல் சம்பந்தமாக என்றால் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக வருகிற சிறு மானியத் திட்டம், 1992இல் தொடங்கியது, கிராமச் சங்கங்களுக்காகவே உள்ளது. இவை வருடம் முழுவதும் திறந்திருப்பதில்லை. அழைப்பு வரும், ஒரு திகதி இருக்கும், அந்தத் திகதிக்கு மறுநாள் போனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு சங்கத்திலும் ஓ எல் முடித்த ஒரு பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள்: வாரத்துக்கு ஒருமுறை கைபேசியில் பார்த்து, திகதியைக் கொப்பியில் எழுதி வைப்பது.

எங்கள் தோட்டங்களில் பீலியைப் பற்றிப் பேசாமல் ஒரு பெண்ணும் இருக்கமாட்டாள். உதாரணத்துக்கு அதையே எடுப்போம். மேல் கணக்கில் ஒரு பீலி. மார்ச் மாதத்தில் நூலாக ஒழுகும், மழை வந்தால் கலங்கும், பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஊற்றுக்கு மேலே இருந்த மரங்களை வெட்டிவிட்டார்கள். இது ஒரே பிரச்சினைதான். ஆனால் சுற்றாடலுக்குக் கொடுப்பவரிடம் போனால் ஊற்றுக்கு மேலே மரம் வைப்பதையும் தடுப்பு வேலியையும் முன்னால் வைத்து எழுதலாம். சுகாதாரத்துக்குக் கொடுப்பவரிடம் தாங்கியையும் வடிகட்டியையும் முன்னால் வைக்கலாம். பெண்களுக்குக் கொடுப்பவரிடம், பெரட்டுக்குப் போகும் முன் இரண்டு முறை குடம் தூக்குகிற நேரத்தை எழுதலாம். மூன்றும் உண்மை. பீலி மாறவில்லை, நீங்கள் நிற்கிற பக்கம்தான் மாறியது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு கோடு இருக்கிறது. ஒரு மாதர் சங்கம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தக் காசு கேட்டது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், "வகுப்புக்கு இந்த வருடம் இல்லை, காளான் வளர்ப்புக்கு இருக்கிறது" என்றார்கள். காசு வருகிறதே என்று சங்கமும் சம்மதித்தது. காளான் கொட்டகைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டிய நேரத்தில் எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தக் கொட்டகையில் விறகு அடுக்கினார்கள். மாலை வகுப்பு தொடங்கவே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் தேவைக்கு மேல் வள்ளங்கள் கொடுக்கப்பட்டதை இங்கே இருக்கிற கடற்றொழிலாளர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். வள்ளம் படத்தில் அழகாக விழும். காசு தருகிறவருக்கு அது தேவைப்பட்டது. படிவத்துக்கு ஏற்ற மாதிரி தேவையை வெட்டத் தொடங்கினால் இப்படித்தான் முடியும். அந்த இடத்தில் "நன்றி, இந்த முறை வேண்டாம்" என்று சொல்ல ஒரு சங்கத்துக்குத் துணிச்சல் வேண்டும். சந்தாவில் கொஞ்சம் காசு இருந்தால் அந்தத் துணிச்சல் தானாக வரும்.

எழுதுவதைப் பற்றி. முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால், எங்களுக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லுக்குள் எங்கள் பிரச்சினையை அடைக்கப் பார்ப்போம். தமிழில் எழுதி, கூட்டத்தில் வாசித்து, "இது நம்ம கதைதானா?" என்று கேட்ட பிறகு மொழிபெயர்க்கலாம். ஏ எல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறோம். "எமது மக்கள் வறுமையில் வாடுகின்றனர், தயவுகூர்ந்து உதவவும்" என்று எழுதாதீர்கள். அதை எல்லோரும் எழுதுகிறார்கள். "எங்கள் பிரிவில் 64 குடும்பங்கள், ஒரு பீலி, கடந்த வருடம் இத்தனை பிள்ளைகள் வயிற்றுப்போக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்" என்று எழுதுங்கள். எண்ணை ஊகிக்க வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போய் எண்ணுங்கள். அப்படி எண்ணப் போகும்போது நமக்குத் தெரியாத விசயமும் வெளிவரும்.

வரவு செலவில் எங்கள் உழைப்பையும் சேருங்கள். நாற்பது பேர் ஒரு ஞாயிறு சிரமதானம் செய்தால் அது நாற்பது பேரின் ஒருநாள் சம்பளம். அதை ரூபாயில் கணக்குப் போட்டு "சங்கத்தின் பங்களிப்பு" என்று எழுதுங்கள். நூறு வருடமாக எங்கள் உழைப்பை மற்றவர்கள் குறைத்துத்தான் கணக்குப் போட்டார்கள், நாங்களே எழுதுகிற கணக்கிலாவது சரியாக எழுதுவோம். சாமான் விலைக்கு மூன்று கடையில் விலைக்கோரல் எடுங்கள். "நான் எழுதித் தருகிறேன், நூற்றுக்குப் பத்து எனக்கு" என்று வருகிற தரகர்களை வாசலோடு அனுப்புங்கள். அந்தப் பத்தை எந்தப் பற்றுச்சீட்டில் காட்டுவீர்கள்?

பற்றுச்சீட்டு என்றதும் நினைவு வருகிறது. மணல் லொறிக்காரர் பில் தரமாட்டார், கல் உடைக்கிறவர் தரமாட்டார். சங்கமே ஒரு கொடுப்பனவுப் புத்தகம் அச்சடித்து, திகதி, தொகை, எதற்கு, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். காசு தவணையாகத்தான் வரும், முதல் தவணைக் கணக்கு ஒழுங்காகப் போனால்தான் இரண்டாவது. வருகிற ஒவ்வொரு தவணையையும், செலவையும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு யாராவது வாசித்துச் சொல்வார்கள். ஊரில் முணுமுணுப்பு வந்த பிறகு ஒட்டினால் அதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

முதல் விண்ணப்பம் பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் ஏன் என்று மரியாதையாக எழுதிக் கேளுங்கள், பல இடங்களில் காரணம் சொல்வார்கள். அடுத்த வருடம் அதையே திருத்தி அனுப்பலாம்.

இப்போது தேத்தண்ணி வருகிறது. எங்கள் ஊர்த் தூள்தான், பையில் கொண்டுவந்தோம். குடித்துவிட்டு ஒவ்வொரு தோட்டத்தாரும் வட்டமாக உட்காருங்கள். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, இடது பக்கத்தில் கம்பனியிடமும் சபையிடமும் கேட்க வேண்டியதை எழுதுங்கள், வலது பக்கத்தில் நன்கொடைக்குக் கேட்கக்கூடியதை எழுதுங்கள். மாதர் தலைவிமார் முதலில் பேசட்டும், அண்ணன்மார் பிறகு. நான் ஒவ்வொரு வட்டமாக வருகிறேன்.